அதிகம் காணாத டாங் வகைகள்: வேலூர்ப் பக்கம் வீட்டுத் தொட்டியில் எதை வளர்க்கலாம்?

காட்பாடி_கடல்:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடி காந்தி நகர்ல வீட்டு ஹால்ல 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துல கடல்நீர்த் தொட்டி ஓடுது. கீழே சம்ப் (தண்ணி சுத்தமாகற கீழ்த்தொட்டி), கழிவை நுரையா எடுக்கற நல்ல ஸ்கிம்மர், அலை எழுப்பற ரெண்டு வேவ்மேக்கர். ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ராயல் கிராமா, கொஞ்சம் சாஃப்ட் கோரல். பாறையெல்லாம் பாசி பிடிச்சு நல்லா பழுத்துடுச்சு. டாங், அதாவது வால் அடியில கத்தி இருக்கற சர்ஜன் மீன், ஒண்ணுகூட இன்னும் விடலை. நீந்துற இடத்தை அதுக்காகவே காலியா வச்சிருக்கேன்.

மஞ்சள் டாங், ரீகல் ப்ளூ, பவுடர் ப்ளூ மூணும் கடல்நீர்த் தொட்டி வச்சிருக்கற எல்லார் வீட்டுலயும் இருக்கு. அதைத் தாண்டி ஏதாவது ஒண்ணை நல்லபடியா, பல வருஷம் வச்சு வளர்க்கணும்னு ஆசை. ஜெம், அக்கிலிஸ், செவ்ரான் மூணையும் படத்துல பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிக்குது. கொளத்தூர்ல ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுத்தா வரவழைச்சுத் தர்றேன்னு சொல்றார்.

நம்ம ஊர் வெயிலுக்கு, நம்ம ஊர் தண்ணிக்கு, இந்த அளவு தொட்டிக்கு எது சரிப்படும்? வளர்த்தவங்க சொல்லுங்க.

ஆம்பூர்_அலை:

தம்பி, அந்த மூணும் பசிபிக்ல இருந்தோ மொரிஷியஸ் பக்கத்துல இருந்தோ வரணும். நம்ம கடல்லயே லீனியேட்டஸ் இருக்கு, க்ளவுன் டாங்னு சொல்லுவாங்களே, மஞ்சளும் நீலமும் கோடு கோடா. அழகுல ஜெம்முக்குக் குறைஞ்சது இல்ல. விலையும் கைக்கு அடக்கம். அதை எடுங்க. என்கிட்ட 6 அடி தொட்டியில இருக்கு, நல்லா துன்னுது, நல்லா ஓடுது.

சத்துவாச்சாரி_உப்பு:

பாய் சொன்ன அழகு உண்மை. ஆனா 5 அடி தொட்டிக்கு லீனியேட்டஸ் வேண்டாம் தம்பி. அது 38 செ.மீ. வரை வளரற மீன். அதைவிட முக்கியம், அது எங்க வாழுதுங்கறது. அலை வந்து பாறையில மோதி நுரைக்கற விளிம்புலதான் அது இருக்கும். அந்தப் பாறையில ஒரு துண்டைத் தன்னோட வயல்னு பிடிச்சுக்கிட்டு, பாசி மேய வர்ற வேற மீனை எல்லாம் விரட்டும். அதே குணம் தொட்டிக்குள்ளயும் வரும். குட்டியில சாதுவா இருந்துட்டு, கையளவு ஆனதும் மொத்தத் தொட்டியையும் தன் வயலா எடுத்துக்கும். பாய் தொட்டியில அதைவிடப் பெரிய மீன் கூட இருக்கறதால அடங்கி இருக்கலாம். க்ளவுனும் கிராமாவும் இருக்கற தொட்டியில அதை விடறது அந்தச் சின்ன மீன்களுக்குச் செய்யற அநியாயம்.

அக்கிலிஸும் அதே அலைமோதும் இடத்து மீன்தான். ஹவாய், பாலினீசியா பக்கம். ஆக்ஸிஜன் நிறைஞ்ச, ஓயாம புரள்ற தண்ணிக்குப் பழகினது. இங்கதான் நம்ம ஊர் வெயில் வந்து நிக்குது. கடல்நீர் 25 டிகிரியில இருக்கும்போது லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடிச்சு வைக்கும். 30 டிகிரிக்கு ஏறினா அது 6.2க்கு இறங்கிடும். சின்ன வித்தியாசமாத் தெரியும். ஆனா அதே சூட்டுல மீனோட உடம்பு இன்னும் கூட ஆக்ஸிஜன் கேக்கும். ராத்திரி விளக்கு அணைஞ்சதும் பாசியும் பவளமும் சேர்ந்து ஆக்ஸிஜனை இழுக்கும். கத்திரி வெயில்ல விடியற்காலை நாலு மணிக்குக் கரண்டும் போச்சுன்னா, முதல்ல மேல் மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கறது அக்கிலிஸ் மாதிரி மீன்தான்.

அதனால நான் எப்பவும் கேக்கற முதல் கேள்வி, இந்த மீன் பவளத்திட்டுல எந்த இடத்துல வாழுது? அமைதியான லகூன்லயா, சரிவான வெளிப்பக்கத்துலயா, அலை உடையற விளிம்புலயா? அதுக்கப்புறம்தான் நிறம், விலை, அரிதா இல்லையாங்கறதெல்லாம்.

உங்க தொட்டிக்கு என் மனசுல இருக்கறது டீனோகீட்டஸ் பேரினம். ப்ரிசில்டூத்னு கடையில சொல்லுவாங்க. அதுல இந்தியப் பெருங்கடல் மீன் ட்ரங்கேட்டஸ். 16 செ.மீ. தான் வளரும். பழுப்பு உடம்பு முழுக்க ஊசிமுனை அளவு புள்ளிகள், கண்ணைச் சுத்தி பொன் வளையம். கடை விளக்குல பார்த்தா சாதாரணமாத் தெரியும். உங்க தொட்டியில பழகினதுக்கு அப்புறம் நீல விளக்குல பாருங்க, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எரியும்.

ஆற்காடு_விலங்கியல்:

சத்துவாச்சாரி அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பள்ளியில் விலங்கியல் நடத்திய பழக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாங் என்று நாம் சொல்வது அகாந்துரிடே குடும்பம். ஆறு பேரினங்கள், 80க்கும் மேற்பட்ட இனங்கள். அகாந்துரஸ், டீனோகீட்டஸ், செப்ராசோமா, பராகாந்துரஸ், நாசோ, ப்ரையோனூரஸ். கடையில் பார்ப்பது பெரும்பாலும் முதல் ஐந்துதான். எல்லாவற்றுக்கும் வால் அடியில் கத்தி உண்டு. முதல் நான்கில் அது மடங்கி விரியும் கத்தி. நாசோவிலும் ப்ரையோனூரஸிலும் மடங்காமல் நிலையாக நிற்கும் எலும்புத் தகடு.

எல்லா டாங்கும் பாசி தின்னும் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது. செப்ராசோமாவுக்கு நீண்ட மூக்கு, இடுக்கில் இருக்கும் பாசியைப் பிடுங்கித் தின்னும். அகாந்துரஸில் பல இனங்கள் பாறையில் குட்டையாக வளர்ந்த பாசியைக் கடித்து எடுக்கும். டீனோகீட்டஸின் பல்லோ சீப்புப் போல மெல்லியது, அசையக்கூடியது. அதால் கடித்துப் பிடுங்க முடியாது. பாறை மேல் படியும் டயாட்டம் என்ற நுண்பாசி, மக்கிய துகள், மெல்லிய படலம் இவற்றைச் சீவி உறிஞ்சும். அதனால் பளபளவென்று துடைத்து வைத்த புதுத் தொட்டியில் டீனோகீட்டஸ் பட்டினி கிடக்கும். நோரி என்ற காய்ந்த கடல்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, தின்னவில்லையே என்று வருத்தப்படுவார்கள். காட்பாடி தம்பியின் தொட்டி பழுத்த தொட்டி என்பதால் அந்த மீனுக்கு ஏற்ற இடம்.

இன்னொன்று. ட்ரங்கேட்டஸைத் தனி இனமாக ராண்டலும் கிளெமென்ட்ஸும் விவரித்ததே 2001இல்தான். அதுவரை ஹவாயில் இருக்கும் கோலே டாங்கோடு, அதாவது ஸ்ட்ரைகோசஸோடு, சேர்த்தே எண்ணிவந்தார்கள். அதனால் பழைய பழக்கத்தில் இன்றும் கோலே என்ற பெயரிலேயே ஒரு பெட்டி வந்து இறங்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அந்தமான் வரை இருக்கும் மீன் அது. ஏற்றுமதி எங்கிருந்து என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மாலத்தீவு, இலங்கை என்றால் ட்ரங்கேட்டஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காட்பாடி_கடல்:

அக்கா, சார், ரொம்ப நன்றி. சீப்புப் பல் விஷயம் எனக்குப் புதுசு. ஒரு சந்தேகம். கடையில போன வாரம் முழு மஞ்சளா ஒரு குட்டி டாங் பார்த்தேன், இந்தியப் பெருங்கடல் மஞ்சள் டாங்னு எழுதி வச்சிருந்தாங்க. மஞ்சள் டாங் ஹவாய் மீன்தானே?

ஆற்காடு_விலங்கியல்:

ஆமாம், மஞ்சள் டாங், அதாவது ஃப்ளேவெசன்ஸ், பசிபிக் மீன். நீங்கள் பார்த்தது ட்ரங்கேட்டஸ் குட்டியாகவே இருக்கலாம். அதன் குஞ்சுகள் நல்ல மஞ்சளாக இருக்கும், வளர வளரப் பழுப்பாகும். முகத்தைப் பாருங்கள். செப்ராசோமா என்றால் மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும், முதுகுத் துடுப்பு பாய்மரம் போல உயரும். டீனோகீட்டஸ் என்றால் முகம் மழுங்கி, உதடு சற்றுத் தடித்து முன்தள்ளி, துடுப்பு தாழ்ந்திருக்கும். மஞ்சளுக்காக வாங்கினால் ஒரு வருடத்தில் ஏமாற்றமாகிவிடும். அந்த மீனுக்காகவே வாங்குபவருக்கு அந்த நிறமாற்றமே ஒரு கொடை.

நிறம் மாறுவதில் இன்னொரு அருமையான மீன் உண்டு. அகாந்துரஸ் ட்ரிஸ்டிஸ். இதுவும் நம் பெருங்கடல்காரர். குட்டியாக இருக்கும்போது எய்பல் ஏஞ்சல் என்ற குள்ள ஏஞ்சல் மீனை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். பசிபிக்கில் அதன் உறவான பைரோஃபெரஸ் குட்டிகள் எலுமிச்சை ஏஞ்சலையும் முத்துச் செதில் ஏஞ்சலையும் இப்படி நடிக்கும். பெரிதானதும் வேடம் கலைந்து கரும்பழுப்பாகி, வால் பிறை போல் வளையும். 25 செ.மீ. வரை வளரும், ஆகவே 5 அடி தொட்டி அதற்கு எல்லைக்கோடுதான்.

ஆம்பூர்_அலை:

சார், எய்பல் ஏஞ்சல்னு எழுதி ட்ரிஸ்டிஸை வித்த கடையை நானே பார்த்திருக்கேன். வால் கிட்ட கத்தி இருக்கான்னு பார்த்தா போதும். ஏஞ்சலுக்கு முள் செவுள் மூடியில இருக்கும், வால்ல இருக்காது.

லீனியேட்டஸ் பத்தி அக்கா சொன்னதை ஒத்துக்கறேன், என் தொட்டியில வ்ளாமிங்கின்னு பெரிய நாசோ டாங் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் அது அடங்குது. ஆனா தம்பி கேட்ட செவ்ரான் பத்தி யாரும் பேசலையே? அதுவும் டீனோகீட்டஸ் தானே?

சத்துவாச்சாரி_உப்பு:

ஆமா பாய். செவ்ரான் ஹவாயியென்சிஸ். குட்டியில நெருப்பு ஆரஞ்சு, அதுல ஊதாக் கோடுகள் வளைஞ்சு வளைஞ்சு. குணமும் தீனியும் ட்ரங்கேட்டஸ் மாதிரிதான், உடம்பு மட்டும் பெருசு, 25 செ.மீ. வரை போகும். அந்த ஆரஞ்சு பெருசானா நிக்காது, கரும்பச்சையில மெல்லிய கோடுகளா மாறிடும். அதைத் தெரிஞ்சு வாங்கினா நல்ல மீன். அதோட வில்லங்கம் தூரம். பசிபிக்ல பிடிச்சு, ரெண்டு மூணு விமானம் மாறி, சென்னையில இறங்கி, கடையில நின்னு, அப்பால நம்ம ஊருக்கு வண்டியில வரணும். அத்தனை நாளும் அது பட்டினி.

டாங்குக்கு இந்தப் பட்டினி மத்த மீனைவிட அதிகமா உறைக்கும். சார் இதை நல்லா விளக்குவார்.

ஆற்காடு_விலங்கியல்:

பாசியைச் செரிக்க டாங்கின் குடலில் நுண்ணுயிர்க் கூட்டமே வாழ்கிறது. அவற்றில் ஒன்று எபுலோபிசியம். அகாந்துரஸ் நைக்ரோஃபஸ்கஸின் குடலில் 1985இல் கண்டார்கள். அரை மில்லிமீட்டருக்கும் மேல் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். இவ்வளவு பெரிய உயிர் பாக்டீரியாவாக இருக்க முடியாது என்று நினைத்தார்கள். பாக்டீரியாதான் என்று 1993இல் மரபணு ஆய்வில் உறுதியானது. மீன் பட்டினி கிடந்தால் இந்தக் கூட்டமும் பட்டினி கிடக்கும். அதனால்தான் வயிறு ஒட்டிய டாங் மறுபடி தின்னத் தொடங்கினாலும் சில நேரம் தேறாமல் போகிறது. வாங்கும்போது மீனை நேர் எதிரே முகம் பார்த்து நின்று பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகுத் தசை குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். விலை பாதியானாலும் வேண்டாம்.

ராணிப்பேட்டை_ஆர்ஓ:

மீன் பத்தி பெரியவங்க பேசறீங்க, நான் தண்ணி பத்தி மட்டும் சொல்றேன். நம்ம வடாற்காடு பக்கம் போர் தண்ணியில டிடிஎஸ், அதாவது கரைஞ்ச உப்போட அளவு, ஆயிரத்தைச் சாதாரணமாத் தாண்டும். பாலாறு ஓரம் தோல் ஷாப் இருக்கற இடங்கள்ல உப்பு இன்னும் கூட. இதை நேரா ஆர்.ஓ. வுக்கு விட்டா மெம்பிரேன் சீக்கிரம் அடைச்சுடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வர்ற வீடுன்னா அதையே எடுங்க, டிடிஎஸ் எவ்வளவோ குறைவு. அதுல குளோரின் இருக்கும், கார்பன் பிளாக்கைத் தவறாம மாத்தணும்.

போர் தண்ணிதான் கதின்னா ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்ல. நிலத்தடித் தண்ணியில கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும். அது வாயு, மெம்பிரேன்ல நிக்காது, நேரா போய், மிச்ச உப்பை எடுக்கற டி.ஐ. ரெசினைத் தின்னுடும். ரெசின் ரெண்டே வாரத்துல நிறம் மாறுதேன்னு கம்பெனியைத் திட்டுவோம். ஆர்.ஓ. தண்ணியை ஒரு டிரம்ல பிடிச்சு, ஒரு ராத்திரி ஏர் ஸ்டோன் போட்டு விட்டு, அப்புறம் டி.ஐ. வழியா விடுங்க. ரெசின் எவ்வளவு தாங்குதுன்னு நீங்களே பாருங்க.

கடைசியில டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டணும். டாங் வச்சவங்களுக்கு இது இன்னும் முக்கியம். தீனி நிறையப் போடணும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதுலயே ஏறும். ஆவியானதுக்கு ஈடா ஊத்தற டாப்-அப் தண்ணியிலயும் சேர்த்து ஏத்திக்க இடமில்ல.

காட்பாடி_கடல்:

அண்ணா, ஏர் ஸ்டோன் விஷயம் இன்னைக்கே செய்யறேன். எங்களுக்குப் போர்தான்.

வெயில் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. தண்ணியைக் குளிர வைக்கற சில்லர் வாங்கியே ஆகணுமா? ஹால்ல ஏசி கிடையாது.

சத்துவாச்சாரி_உப்பு:

ட்ரங்கேட்டஸ் மாதிரி மீனுக்கு 25, 26 டிகிரி சரி. 28 வரை சிரமமில்லாம இருக்கும். அதுக்கு மேல போனா கவலைப்படணும். நம்ம ஊர்ல ஏப்ரல், மே மாசத்துல வெளிய 40ஐத் தாண்டும்போது ஹால்ல இருக்கற தண்ணி 31, 32க்குப் போறது பெரிய விஷயமே இல்ல.

சென்னைக்காரங்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு. நம்ம வெயில் வறண்ட வெயில். சம்ப் மேலயும் தொட்டி மேலயும் சாய்வா ஃபேன் வச்சா தண்ணி ஆவியாகி ரெண்டு மூணு டிகிரி இறங்கும். கடலோரக் காத்துல இது பாதிகூட வேலை செய்யாது. ஆனா ஆவியாகறது சுத்தத் தண்ணி, உப்பு தொட்டியிலயே நிக்கும். கத்திரியில தினம் ஒரு குடம் தண்ணி போகும். ஆட்டோ டாப்-அப் இல்லாம ஃபேன் ஓட்டினா சாயந்திரத்துக்குள்ள உப்பு ஏறிடும்.

ஃபேனுக்கு அடங்காத வாரங்களுக்குச் சில்லர் வேணும். அதை ஹாலுக்குள்ளயே வச்சா தொட்டியில எடுத்த சூட்டை ஹால்லயே கொட்டும், அந்தச் சூடு திரும்பத் தொட்டிக்கே வரும். குழாயை நீட்டி சிட்-அவுட்லயோ பால்கனியிலயோ, வெயில் நேரா படாத இடத்துல வையுங்க.

கரண்டுக்கு: மொத்தத் தொட்டியையும் இன்வர்ட்டர்ல போட வேண்டாம். ஒரு வேவ்மேக்கர், சம்ப் தண்ணியை மேல ஏத்தற ரிட்டர்ன் மோட்டர், இது ரெண்டும் ஓடினா போதும். தண்ணி மேல்மட்டம் குலுங்கிக்கிட்டே இருக்கணும், ஆக்ஸிஜன் உள்ள போற வாசல் அதுதான். விளக்கு, சில்லர், ஸ்கிம்மர் அப்புறம் பார்த்துக்கலாம்.

குடியாத்தம்_க்யூப்:

அக்கா, என்கிட்ட 2 அடி க்யூப் இருக்கு. ட்ரங்கேட்டஸ் 16 செ.மீ. தான்னு சொல்றீங்க. குட்டியா வாங்கி, பெருசானதும் பெரிய தொட்டிக்கு மாத்திக்கலாமா?

சத்துவாச்சாரி_உப்பு:

வேண்டாம்பா. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டாங்குக்கு உடம்பு அளவு மட்டும் கணக்கு இல்ல. அது நாள் முழுக்க மேய்ஞ்சுக்கிட்டே நகர்ற மீன். 2 அடி க்யூப்ல வாலை ரெண்டு தடவை அடிச்சா எதிர்க் கண்ணாடி வந்துடும். அந்த நெருக்கடி உடம்புல ஏறும், நோய் அதுக்குப் பின்னாடியே வரும். பெரிய தொட்டி வரும்னு நம்பி வாங்கின மீன் எத்தனையோ வீட்டுல அந்தத் தொட்டி வர்றதுக்குள்ள போயிடுச்சு. சின்ன டீனோகீட்டஸுக்கே 4 அடி நீளம் வேணும், ட்ரிஸ்டிஸுக்கு 5 அடியே எல்லை.

உங்க க்யூப்ல பாசி மேயற மீன் வேணும்னா லான்மோவர் ப்ளென்னி பாருங்க. அதோட முகத்துக்கே ரசிகர் ஆயிடுவீங்க.

ஆற்காடு_விலங்கியல்:

ஒரு வார்த்தை சேர்க்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் காதுக்கல்லின் வளையங்களை எண்ணி வயது பார்த்த ஆய்வுகளில், டாங் இனங்கள் பலவும் 30 வயதைத் தாண்டியிருந்தன. சில 40ஐயும் கடந்தவை. குட்டியாக நாம் வாங்குவது நம் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும் வரை வாழக்கூடிய உயிர். அதற்கேற்ற இடத்தைத் தருவது வாங்குபவரின் கடமை.

ஆம்பூர்_அலை:

குவாரன்டைன் பத்தி யாராவது ஆரம்பிப்பாங்கன்னு பார்த்தேன், நானே ஆரம்பிக்கறேன். எனக்கு அதுல நம்பிக்கை கம்மி. தனி டப்பாவுல போட்டா மீன் பயந்துடுது. நான் நேரா தொட்டியில விட்டு, கிருமியைக் கொல்ற யூவி விளக்கு ஓட்டி, பூண்டுச் சாறு தடவின தீனி போடறேன். வெள்ளைப் புள்ளி நோய் வந்தாலும் தன்னால போயிடுது.

சத்துவாச்சாரி_உப்பு:

பாய், உங்க மேல மரியாதை வச்சே சொல்றேன், அது போகலை. மீனை விட்டு இறங்கியிருக்கு, அவ்வளவுதான்.

வெள்ளைப் புள்ளியைத் தர்ற ஒட்டுண்ணி, கிரிப்டோகேரியான், மீன் உடம்புல இருக்கறது மூணு நாள்லேர்ந்து ஒரு வாரம். அப்புறம் கீழ விழுந்து மணல்லயோ பாறையிலயோ ஒட்டிக்கிட்டு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள்ள ஒண்ணு நூறாப் பெருகும். அப்போ மீனைப் பார்த்தா சுத்தமா இருக்கும், நாம பூண்டுக்கு நன்றி சொல்லிட்டு இருப்போம். கூடு சில நாள்லயும் வெடிக்கலாம், 72 நாள் வரை இழுத்ததும் பதிவாகியிருக்கு. அதனாலதான் மீனில்லாம தொட்டியைச் சும்மா விடறவங்க 76 நாள்னு கணக்கு வச்சிருக்காங்க. யூவி தண்ணியில நீந்தி அந்த விளக்கு வழியா போறதை மட்டும்தான் கொல்லும். மணல்ல ஒட்டினதைத் தொடாது.

டாங்குக்குத் தோல் மேல இருக்கற வழுவழுப்புப் படலம் மெல்லிசு, செதிலும் பொடி. அதனால கடல்ல இருந்து வர்ற மீன்கள்ல இந்த நோய் முதல்ல பிடிக்கறது இதைத்தான். உங்க பெரிய மீன்கள் பழகித் தாங்குது. புதுசா வர்ற ட்ரங்கேட்டஸ், அலைச்சல்ல இளைச்சுப்போய் வந்தது, அது தாங்காது.

நான் செய்யறது ரெண்டு வழி. ஒண்ணு, தொட்டி மாத்தற முறை. ரெண்டு சின்னத் தொட்டி அல்லது பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில மணல் கூடாது. 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மீனைப் புதுத் தண்ணி இருக்கற அடுத்த டப்பாவுக்கு மாத்தணும், அப்படி நாலு தடவை. விழுந்த கூடு பழைய டப்பாவுலயே நின்னுடும், அதைக் கழுவி வெயில்ல நல்லா காய வச்சுடணும். வெயிலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்ல. இந்த முறைக்கு மருந்தே வேண்டாம்.

இன்னொண்ணு காப்பர், அதாவது செம்பு மருந்து. கட்டுண்ட காப்பர்னா 2.0லேர்ந்து 2.5 பிபிஎம், அயனிக் காப்பர்னா 0.15லேர்ந்து 0.20. ரெண்டையும் குழப்பினா மீன் செத்துடும், அதனால பாட்டில்ல எந்த வகைன்னு பார்த்து, டிஜிட்டல் மீட்டர்ல தினம் அளக்கணும். டாங்குக்கு அளவை ஒரே நாள்ல ஏத்தாம ரெண்டு மூணு நாள்ல மெதுவா ஏத்துங்க. காப்பர் இருக்கற தண்ணியில அம்மோனியாவைக் கட்டுப்படுத்தற திரவத்தை ஊத்தவே கூடாது, காப்பரோட விஷம் கூடிடும். காப்பர் பட்ட டப்பா, குழாய் எதுவும் பவளம் இருக்கற தொட்டிப் பக்கம் வரக்கூடாது.

வெல்வெட்னு சொல்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் வந்திருக்குன்னு சந்தேகம் வந்தா தொட்டி மாத்தற முறையை நம்பாதீங்க, காப்பர்தான். மாவு தூவின மாதிரி உடம்பு, வேகமா மூச்சு, பம்ப் எதிர்ல போய் நிக்கறது, இதெல்லாம் தெரிஞ்சா ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க நேரம் கிடையாது.

ஆம்பூர்_அலை:

இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல அக்கா. மணல்ல கூடு கட்டற விஷயம் யோசிக்க வைக்குது. டப்பா முறையை அடுத்த மீனுக்குச் செஞ்சு பார்க்கறேன்.

பிடிக்கும்போது வலை வேண்டாம், இதை நான் சொல்றேன். வால் கத்தி வலையில மாட்டிக்கிட்டா மீன் உதறிக் கிழிச்சுக்கும். தண்ணிக்குள்ளயே ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வச்சு அதுக்குள்ள ஓட்டி எடுங்க. நம்ம கையையும் பார்த்துக்கணும், அந்த வெட்டு ஆழமா இறங்கும், ரெண்டு நாள் கடுக்கும்.

காட்பாடி_கடல்:

தீனி? நோரித் தாள் கொஞ்சம் விலைதான். நம்ம ஊர்க் கடல்பாசி போடலாமா?

ராணிப்பேட்டை_ஆர்ஓ:

போடலாம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கஞ்சிப்பாசி காய வச்சு விக்கறாங்க. கிராசிலேரியாதான் அது. மணலும் உப்பும் நிறைய ஒட்டியிருக்கும். ஆர்.ஓ. தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி, ஊற வச்சு, கல்லுல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி இறக்குவேன். என்கிட்ட இருக்கற டெஸ்ஜார்டினி டாங் அதைப் பார்த்தா வேற எதையும் திரும்பிப் பார்க்காது. கட்டக்கோரைன்னு இன்னொரு கடல்பாசி, அதை அது தொடறதில்ல.

நோரி வாங்கினா சுஷிக்குன்னு வர்ற வெறும் தாளா பாருங்க. எண்ணெய், உப்பு, மசாலா சேர்த்து வறுத்தது தின்பண்டம், அது வேண்டாம்.

சத்துவாச்சாரி_உப்பு:

ட்ரங்கேட்டஸுக்கு இன்னொரு வழியும் செய்யுங்க. ஸ்பைருலினா கலந்த ஜெல் தீனியைத் தட்டையான கல்லுல மெல்லிசாத் தடவி இறக்குங்க. சீப்புப் பல்லுக்கு அதுதான் தோது. பின்பக்கக் கண்ணாடியைத் தேய்க்காதீங்க, அது அதோட மேய்ச்சல் நிலம். நல்லா பழகினதும் கண்ணாடியில உதடு பதிச்ச தடம் வரிசையா தெரியும், அதைப் பார்க்கற சந்தோஷமே தனி.

ஸ்கிம்மரோட தண்ணியைச் சுத்தம் பண்ண கார்பன் (கரி) ஓட்டறீங்களா? ஓட்டினா தூசி இல்லாத உருண்டை வகையா எடுத்து, நல்லா கழுவிப் போடுங்க. தலையிலயும் பக்கக் கோட்டுலயும் தோல் அரிக்கற நோய்க்கும் கார்பனுக்கும் தொடர்பு இருக்குன்னு அட்லாண்டிக் டாங் ஒண்ணை வச்சுச் செஞ்ச ஆய்வு 2011ல வந்தது.

ஆற்காடு_விலங்கியல்:

லைவ் ராக், அதாவது உயிர்கள் படிந்த பவளப் பாறை, பற்றிக் காட்பாடி தம்பி கேட்கவில்லை, இருந்தாலும் பாசி பேச்சு மண்டபம் வரை போனதால் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளம் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கிருந்து வந்த பவளப் பாறை என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். சட்டத்துக்காக மட்டுமல்ல, அந்தத் திட்டு ஏற்கெனவே வெளிறித் தவிக்கிறது.

ஜெம் டாங் மேல் இருக்கும் ஆசையும் புரிகிறது. கரும் உடலில் வெண்முத்து தெளித்த மீன். மடகாஸ்கர், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா ஓரம் மட்டும் இருப்பதால், அதுவும் கொஞ்சம் ஆழத்தில் இருப்பதால்தான் அந்த விலை. வளர்ப்பதற்கு அது கடினமான மீன் அல்ல, 22 செ.மீ. வரை வளரும், மற்ற செப்ராசோமாக்களைப் போலவேதான். அந்த விலையில் ஒரு மீனை வாங்குவதற்கு முன் குவாரன்டைன், சில்லர், இன்வர்ட்டர் மூன்றும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் கருத்து.

தொட்டியில் பிறந்த டாங் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடலோடு வாரக்கணக்கில் திறந்த கடலில் மிதக்கும், தின்பது மிக நுண்ணிய மிதவை உயிர்களை. அதனால்தான் இவ்வளவு காலம் யாராலும் வளர்த்தெடுக்க முடியவில்லை. ஹவாயில் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015இல் மஞ்சள் டாங்கை வளர்த்தெடுத்தது. அடுத்த வருடம் ஃப்ளோரிடாவில் ரீகல் ப்ளூ வந்தது. அப்படிப் பிறந்த மீன் தீனிக்குப் பழகியே வரும், ஒட்டுண்ணிச் சுமையும் குறைவு.

காட்பாடி_கடல்:

சரி, முடிவு பண்ணிட்டேன். ட்ரங்கேட்டஸ். கடைக்காரர்கிட்ட பேசினேன், மாலத்தீவு சரக்குல வருமாம். வந்ததும் அவர் கடையிலயே ஒரு வாரம் வச்சு, தீனி எடுக்கற வீடியோ அனுப்பினதுக்கு அப்புறம் வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கேன். ஒத்துக்கிட்டார். டப்பா ரெண்டும் வாங்கிட்டேன்.

ட்ரங்கேட்டஸ் பழகினதும் ரெண்டாவதா ட்ரிஸ்டிஸ் விடலாமா? இல்ல ரெண்டையும் ஒண்ணா விடணுமா?

சத்துவாச்சாரி_உப்பு:

நல்ல முடிவு. சாதுவானதுதான் முதல்ல போகணும், அது ட்ரங்கேட்டஸ். அதுக்கு நாலஞ்சு மாசம் கொடுங்க, தொட்டியில தனக்குன்னு ஒரு பொந்து பிடிச்சுக்கட்டும். ட்ரிஸ்டிஸ் 5 அடியில எல்லைக்கோடுன்னு சார் சொன்னதை மறக்காதீங்க. அதுக்கப்புறமும் வேணும்னு தோணினா, அதை முதல்ல துளையிட்ட பெட்டியில போட்டு, தொட்டிக்குள்ளயே தொங்க விடுங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்து அலுத்துப்போகட்டும். பழையது பெட்டியை வந்து முட்டறதை நிறுத்தினதும் திறந்து விடலாம். ரெண்டும் வேற பேரினம், உடல் வாகும் மேயற விதமும் வேற, அதனால சண்டை குறைவாவே இருக்கும்.

கத்திரி முடியற வரைக்கும் புது மீன் எதுவும் வேண்டாம். மே மாசத்துல சென்னையில இருந்து வண்டியில வர்ற நேரமே பைக்குள்ள தண்ணி கொதிச்சுடும். ஆடி பொறக்கட்டும். வர வைக்கறப்போ தெர்மாகோல் பெட்டி, ராத்திரிப் பயணம்.

குடியாத்தம்_க்யூப்:

அண்ணா, சென்னைக்குப் போறப்போ சொல்லுங்க, எனக்கும் ஒரு லான்மோவர் ப்ளென்னி வேணும். அதுக்கும் டப்பா முறை செய்யணுமா அக்கா?

சத்துவாச்சாரி_உப்பு:

செய்யணும்பா. எந்த மீனா இருந்தாலும்.